மரபுத்தொடர் மனப்பாடம் ஆங்கில ஞானமாகுமா?

சேலத்திலிருந்து ராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடு வரை பரந்து கிடக்கும் இந்தச் சமவெளியில், தறியையும் தோட்டத்தையும் லாரியையும் நம்பி வாழும் குடும்பங்கள் தம் பிள்ளைகளின் படிப்புக்காகச் செய்கிற தியாகத்தை அறிந்தவன் என்ற முறையில், அவர்களிடையே வேரூன்றிவிட்ட ஓர் அபிப்பிராயத்தை மறுத்துரைப்பது என் கடமையென்று கருதுகிறேன். ஆங்கிலத்தின் ஜீவன் அதன் மரபுத்தொடர்களில் இருக்கிறது. அவற்றை நூற்றுக்கணக்கில் மனப்பாடம் செய்தவனே ஆங்கிலம் அறிந்தவன். அவற்றைத் தமிழால் விளக்கினால் பாஷை கெட்டுவிடும். ஆகவே தமிழ்வழியில் படித்த கிராமத்துப் பிள்ளைக்கு அவை எட்டாக்கனி என்பதே அந்த அபிப்பிராயம்.

தமிழால் விளக்கினால் ஆங்கிலம் கெடும் என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். ஐரோப்பியர் நம் மொழியைக் கற்றது எப்படி? இத்தாலியிலிருந்து வந்து வீரமாமுனிவர் என்று பெயர் பூண்ட பெஸ்கி பாதிரியார், தம்மைப் போல் இங்கு வந்து சேர்ந்த பாதிரிமார்களுக்காகத் தமிழ் இலக்கணத்தை அவர்களுக்குப் பழக்கமான லத்தீன் மொழியிலேயே எழுதிக் கொடுத்தார். பெர்சிவல் பாதிரியார் 1874-இல் வெளியிட்ட திரட்டில் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளை ஆங்கில மொழிபெயர்ப்போடு தந்தார். டென்மார்க்கைச் சேர்ந்த ஜென்சன் பாதிரியார் 1897-இல் அத்தகைய மற்றொரு திரட்டைக் கொண்டுவந்தார். கற்றறிந்த அவர்களுக்குத் தாம் முன்பே அறிந்த மொழியின் துணை இழுக்காகத் தோன்றவில்லையென்றால், மல்லசமுத்திரத்துப் பள்ளிப் பிள்ளைக்கு மட்டும் அது எவ்வாறு இழுக்காகும்?

ஸ்பானிய மொழி பேசும் மாணவனுக்கு ஆங்கிலத் தொடர்களைக் கற்பிப்போர், அவனுடைய சொந்தத் தொடரைப் பக்கத்தில் வைத்துக் காட்டுவது சாதாரண வழக்கம். ஒரே கல்லில் இரண்டு பறவைகளைக் கொல்வதாக ஆங்கிலேயன் சொல்வதை ஸ்பானியன் ஒரே வேட்டில் இரண்டு பறவைகளைக் கொல்வதாகச் சொல்கிறான். நாமோ உயிரைப் பறிக்காமல் மாங்காயைப் பறிக்கிறோம். மாம்பழத்துக்குப் பேர்போன சேலத்தில் பிறந்த குழந்தைக்கு இதற்குமேல் என்ன விளக்கம் வேண்டும்? ஒருகாலத்தில் நிலக்கரி விளைந்த நியூகாசில் நகரத்துக்கே நிலக்கரி சுமந்துபோவதைப் பற்றிய தொடரை அர்த்தம் புரியாமல் பத்துமுறை எழுதவைப்பதைக் காட்டிலும், கொல்லன் தெருவில் ஊசி விற்பது என்று ஒருமுறை சொன்னால் அந்தத் தொடர் ஆயுள் முழுவதும் மறக்காது.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. மரபுத்தொடரை எங்கே, யாரிடம், எந்த மனோபாவத்தில் சொல்லலாம் என்கிற விவேகத்தை நம் பிள்ளைகள் தமிழ் வகுப்பிலேயே கற்றுவிடுகிறார்கள். பவணந்தி முனிவர் நன்னூலில் இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்று தகுதி வழக்கை மூன்றாக வகுத்திருப்பது இந்த விவேகத்தின் சாஸ்திரமன்றி வேறென்ன? வாளியை உதைத்தான் என்று ஆங்கிலத்தில் சொன்னால் இறந்தான் என்று பொருள் என்பதோடு நிறுத்திக்கொள்ளும் உபாத்தியாயர் பாதியைத்தான் கற்பித்திருக்கிறார். அந்தத் தொடர் நம்முடைய 'மண்டையைப் போட்டான்' என்பதற்கு நிகரானதேயன்றி 'இறைவனடி சேர்ந்தார்' என்பதற்கு நிகரானதன்று என்று அவர் தமிழில் ஒரு வாக்கியம் சேர்த்துச் சொல்லியிருந்தால், அந்த மாணவன் எந்நாளும் தன் மேலதிகாரியின் தந்தை இறந்ததற்கு எழுதும் அனுதாபக் கடிதத்தில் அதைப் பிரயோகிக்க மாட்டான். நம்மிடம் இணை இல்லாத தொடர்களும் உண்டு என்பதை மறுக்கவில்லை. கோடரியைப் புதைப்பது என்பது சமாதானம் செய்துகொள்ளும்போது ஆயுதங்களை மண்ணில் புதைத்த வட அமெரிக்கப் பூர்வகுடிகளின் சடங்கிலிருந்து வந்தது. அந்தக் கதையை நல்ல தமிழில் சொல்லிவிட்டால் அதுவும் பிள்ளைக்குச் சொந்தமாகிவிடும்.

இனி, தொடர்களின் எண்ணிக்கையே ஞானத்தின் அளவு என்னும் வாதம். நாயும் பூனையுமாக மழை பெய்கிறது என்ற தொடரை நம் வகுப்புகள் ஆங்கிலத்தின் மகுடமாகப் போற்றுகின்றன. கல்லிவர் யாத்திரை எழுதிய ஜோனதன் ஸ்விப்ட், நாகரிக சமூகத்தார் யோசனையின்றித் திரும்பத் திரும்பச் சொல்லிப் புளித்துப்போன வாக்கியங்களையெல்லாம் திரட்டிப் பரிகசித்து ஒரு சம்பாஷணை நூல் எழுதினார்; 1738-இல் வெளிவந்த அந்த நூலில் இந்தத் தொடர் இருக்கிறது. ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே அலுத்துப்போன ஆபரணத்தை வாங்குவதற்காகத்தான் இங்கே பெற்றோர் பணம் கட்டுகிறார்கள். நாமக்கல் முட்டை வளைகுடா நாடுகளுக்குக் கப்பலேறுகிறது. அதை அனுப்பும் வியாபாரிக்கும் இறக்கிக்கொள்ளும் வியாபாரிக்கும் பெரும்பாலும் ஆங்கிலம் தாய்மொழியன்று. விலையும் தேதியும் எண்ணிக்கையும் சந்தேகமறத் தெரிவிக்கும் எளிய வாக்கியமே அங்கு காரியத்தை முடிக்கும்; அலங்காரத் தொடர் குழப்பத்தையே விளைவிக்கும். பொதுத்தேர்வுகளில் மாநில அளவில் ராங்க் அறிவிப்பதை அரசாங்கம் 2017-இல் நிறுத்திவிட்ட பிறகும், ராங்குக்காகப் பழக்கப்படுத்திய மனப்பாடம் நம் வகுப்பறைகளை விட்டு நீங்காதது வருந்தத்தக்கது.

இந்தியர் ஆங்கிலத்தில் தாமாகப் படைத்துக்கொண்டவை அனைத்தும் பிழை என்ற உபவாதமும் உண்டு. 'போஸ்ட்போன்' என்பதற்கு எதிராக நாம் வழங்கும் 'பிரீபோன்' ஆக்ஸ்போர்டு அகராதியிலேயே இடம்பெற்றிருக்கிறது என்பதைச் சொல்லி இதைக் கடந்துபோகலாம்.

கடைசி வாதமே கொடியது: கிராமத்துத் தமிழ்ப் பிள்ளைக்கு அந்நிய பாஷை வராது என்பது. திருச்செங்கோட்டிலிருந்து ரிக் வண்டியோடு புறப்பட்டு ஆந்திரத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் மாதக்கணக்கில் போர்வெல் போடும் தொழிலாளியையும், நாமக்கல் லாரியை நாக்பூருக்கும் அதற்கப்பாலும் ஓட்டிச்செல்லும் டிரைவரையும் இப்படிச் சொல்பவர்கள் கண்டதேயில்லையா? தெலுங்கும் இந்தியும் அவர்களில் பலருக்குச் சரளமாக வருகின்றன. டயர் கடையிலும் டோல்கேட்டிலும் தாபாவிலும் எந்தச் சொல்லை எந்தத் தருணத்தில் எந்தத் தொனியில் பிறர் சொன்னார்கள் என்று கவனித்ததே அவர்களுடைய படிப்பு. படித்தவரிடையே உதாரணம் வேண்டுமானால் ராஜாஜி இருக்கிறார். அன்றைய சேலம் ஜில்லாவைச் சேர்ந்த தொரப்பள்ளி என்னும் கிராமத்தில் 1878-இல் பிறந்து, சேலத்தில் வக்கீலாக இருந்து, 1917-இல் அந்த நகரசபையின் தலைவரான அவர், மகாபாரதத்தைத் தமிழில் எழுதிவிட்டுப் பின்னர் ஆங்கிலத்தில் தந்தார். அந்த ஆங்கிலத்தில் பகட்டான தொடர்களைத் தேடினாலும் அதிகம் அகப்படா. தெளிவே அதன் அழகு, அந்தத் தெளிவு அவருடைய தமிழிலிருந்து வந்தது என்பது என் திடமான அபிப்பிராயம்.

ஆகவே ஆங்கிலம் கற்பிக்கும் நண்பர்களை நான் வேண்டிக்கொள்வது இதுதான். நூறு தொடர்கள் அச்சிட்ட தாளைப் பிள்ளைகளிடம் நீட்டாதீர்கள். வாரத்துக்கு இரண்டு போதும். அவற்றை யார் சொல்வார்கள், எப்போது சொல்லலாகாது, நம் ஊரில் அவற்றை எப்படிச் சொல்வோம் என்று அவர்களோடு தமிழிலேயே பேசுங்கள். வகுப்பில் தமிழ் பேசியதற்காக எந்தப் பிள்ளையிடமும் இனி அபராதம் வாங்காதீர்கள்.