வாழைக்கு எத்தனை பெயர்?

காய் எது, கனி எது என்று கேட்டால் சிறு குழந்தையும் விடை கூறும். ஆயினும், திருவையாற்றுப் படுகையில் விளையும் வாழையை எடுத்துக்கொண்டால் அவ்விடை அத்துணை எளிதன்று.

சமையற்கட்டு வாழையை இரண்டாகப் பிரிக்கிறது. மொந்தன் கறிக்கு, பூவனும் ரஸ்தாளியும் கற்பூரவல்லியும் பழத்திற்கு. மேனாட்டுத் தாவர நூலறிஞர் லின்னேயசும் ஏறக்குறைய இவ்வழியே சென்றார். சமைத்துண்ணும் வாழைக்கு 1753இல் ஓர் இனப்பெயரும், பழமாக உண்பதற்கு 1759இல் வேறோர் இனப்பெயரும் சூட்டினார். 1955இல் சிம்மண்ட்ஸ், ஷெப்பர்டு என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் இம்முறையை மாற்றினர். அக்யூமினேட்டா, பால்பிசியானா என்னும் இரு காட்டு வாழைகளின் வழியில் எது எவ்வளவு கலந்துள்ளது என்பதைக் கொண்டு அவர்கள் பிரித்தனர். அக்கணக்கின்படி, கறிக்குரிய மொந்தனும் தித்திக்கும் கற்பூரவல்லியும் ஒரே பிரிவைச் சேர்ந்தவை! பூவனும் ரஸ்தாளியும் மற்றொரு பிரிவு.

இவற்றுள் எது சரி? அடுப்பிற்கு ஒன்று, ஆராய்ச்சிக்கு ஒன்று, இரண்டும் சரியே. ஆனால் பயிரிடுவோர்க்கு இவை போதா. ஒரே பிரிவினதாயினும் ரஸ்தாளி வாடல் நோய்க்கு எளிதில் இரையாகிறது. பூவன் பெரும்பாலும் தாங்கி நிற்கிறது. கன்று வாங்கும்போது இவ்வேற்றுமையை உணர்த்துவது நம் முன்னோர் வைத்த பெயரேயன்றி வேறன்று.

இத்தகைய பெயர்களை விற்பனைக் கணக்கில் 'வாழைத்தார்' என்று ஒரே சொல்லில் அடக்குவது முறையாகுமா? நெசவாள அன்பர்கள் 60ஆம் நம்பர் நூலையும் 80ஆம் நம்பர் நூலையும் ஒன்றாகக் கலந்து ஒரே விலை பேசச் சம்மதிப்பார்களா? கலந்த குவியலுக்கு அதிலுள்ள மட்டரகத்தின் விலையே கிடைக்கும் என்பது அவர்கள் நன்கறிந்த உண்மை.

விளைபொருளைத் தரம் பிரித்து முத்திரையிடுவதற்கான சட்டம் 1937இலேயே இயற்றப்பட்டது. அக்மார்க் முத்திரை அதன் பயனே. ஆகவே, கன்று வழங்கும் ஏட்டிலும் தார் பெறும் ஏட்டிலும் ரகத்தின் பெயரை எழுதுதல், முதிர்ச்சியும் பருமனும் பார்த்து அங்கத்தினரின் கண்முன்னே பிரித்தல் ஆகிய இரண்டையும் நம் சங்கங்கள் மேற்கொள்ள வேண்டுமென வற்புறுத்துகிறோம். இதற்குச் சிறிது வேலை கூடும். எடைபோடும் நேரமும் நீளும். அதனைப் பொறுத்துக்கொள்ளலாம். பிரிக்கும் பொறுப்பை வாங்குவோரிடம் விட்டுவிட்டுப் பின்னர் விலையை எண்ணி வருந்துவதில் பயனில்லை.