பறக்கும் கார் வருமா? படத்தைப் பார்த்துப் பணம் கட்டாதீர்!

மேலகரம்:
குற்றாலத்தில் சீசன் களைகட்டிவிட்டால், தென்காசியில் இருந்து மேலகரம் வழியாகப் போகும் ரோட்டில் வண்டிகள் நத்தை போல ஊரும். பஸ்சுக்குள் வேர்த்து வழிய நிற்பவரின் செல்போனில் ஒரு விளம்பரம். அதில் ஒரு கார், ரோட்டுக்கு மேலே ஜிவ்வென்று பறக்கிறது. "நம்மகிட்டயும் ஒண்ணு இருந்தா...!" என்ற ஏக்கம் யாருக்குத்தான் வராது?

ஏக்கம் தப்பில்லை. மேலகரம் கற்பனைக்குப் பேர்போன ஊர். குற்றாலக் குறவஞ்சி தந்த திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த மண். அருவிச் சாரல் வானத்தை எட்டி, சூரியனுடைய தேரே சறுக்குவதாகப் பாடியவர் அவர். அந்தத் தேர் நிஜத்தில் ஓடுமா என்று யாரும் கேட்கவில்லை. கவிராயர் தேரை விலை பேசவில்லையே!

விளம்பரக்காரர் விலை பேசுகிறார். அவரிடம் கேட்கத்தான் வேண்டும்.

எடை என்ன?

வண்டி மேலே எழும்ப, அதன் எடையைத் தாங்கும் அளவுக்குக் காற்றைக் கீழே தள்ள வேண்டும். ஹெலிகாப்டர் விசிறி அவ்வளவு பெரிதாக இருப்பது அதற்காகத்தான். விசிறி சின்னதானால் எஞ்சின் சக்தி அதிகம் வேண்டும். விளம்பரக் காரிலோ விசிறி சக்கரத்துக்குள் ஒளிந்திருக்கும்!

படத்தை வைத்தே பறக்குமா என்று கண்டுபிடிக்க முடியுமா? முடியும். 'வைமானிக சாஸ்திரம்' என்ற நூலில் உள்ள விமானங்களை, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த 5 பேர் 1974-ல் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஒன்றுகூடப் பறக்காது என்று சொல்லிவிட்டார்கள்.

முன்பணம்

அமெரிக்காவில் 'மோலர் ஸ்கைகார்' என்று பல வருடம் விளம்பரம் செய்தார்கள். முன்பணமும் வாங்கினார்கள். கயிற்றில் கட்டி அந்தரத்தில் மிதக்கவிட்டுக் காட்டியதோடு சரி! 2003-ல் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் அந்தக் கம்பெனி மீது வழக்குப் போட்டது.

அப்படியானால் எல்லாமே புளுகா? இல்லை. சீனாவில் 'இஹாங்' கம்பெனியின் 2 பேர் போகும் மின்சார வண்டிக்கு 2023 அக்டோபரில் அரசு சான்று கிடைத்தது. ஆனால் ஒரு தடவை சார்ஜ் செய்தால் சுமார் 30 கிலோமீட்டர்தான். தென்காசியில் கிளம்பினால் மதுரைக்குக் கால்வாசி தூரம்கூடத் தாண்டாது!

ஆகவே பணத்தை எடுக்கும் முன் 3 கேள்வி கேளுங்கள். எடை எவ்வளவு? ஆளை ஏற்றிக்கொண்டு பறந்ததா? அரசு சான்று எங்கே?

பதில் இல்லையா? படத்தை ரசியுங்கள். பர்ஸ் பையிலேயே இருக்கட்டும்.

அதுவரை மேலகரத்துக்கு பஸ்தான்!