விண்வெளி நிதியில் எங்கள் பங்கு எங்கே?

2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் நம்ம ஊர்க்காரர் என்று விழுப்புரமே கொண்டாடியது. அன்றைக்குக் கோலியனூர் அருகே மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலில் சீல் தொங்கிக்கொண்டிருந்தது. தலித்துகள் உள்ளே வரக்கூடாது என்ற சாதித் திமிரால் ஜூன் 7 அன்று அதிகாரிகள் வைத்த சீல்.

வீரமுத்துவேல் ரயில்வே ஊழியரின் மகன், ரயில்வே பள்ளியில் படித்தவர். அந்தப் பள்ளியும் இஸ்ரோவும் பொதுப்பணத்தில் நடப்பவை. இஸ்ரோவின் வேலைவாய்ப்பு விளம்பரத்தில் எஸ்.சி., எஸ்.டி. இடங்கள் எத்தனை என்று கட்டம் போட்டிருக்கும்.

இப்போது விண்வெளி வேலை தனியார் ஸ்டார்ட்அப்களுக்குப் போகிறது. 2024 அக்டோபரில் ஒன்றிய அமைச்சரவை அவற்றுக்கென 1,000 கோடி ரூபாய் நிதியத்துக்கு ஒப்புதல் தந்தது. சுமார் 40 நிறுவனங்கள். ஒவ்வொன்றுக்கும் 10 முதல் 60 கோடி வரை. இதுவும் பொதுப்பணம்தான். அந்தக் கட்டத்தை மட்டும் காணோம். கேட்டால் ‘தகுதி’ என்பார்கள். முதலீட்டாளரிடம் அறிமுகம், வருமானம் வரும்வரை தாங்கக் குடும்பச் சொத்து. இதற்குப் பெயர் தகுதியா?

தமிழ்நாடு அரசும் 2025 பட்ஜெட்டில் விண்வெளி ஸ்டார்ட்அப்களுக்கு 10 கோடி அறிவித்தது. பட்டியலின, பழங்குடியினருக்குத் தனி ஸ்டார்ட்அப் நிதி வைத்திருக்கும் அரசு இது. வழி தெரியாது என்று சொல்ல முடியாது. ‘உங்களுக்குத்தான் அது இருக்கிறதே’ என்று கைகாட்டவும் கூடாது. ஊருக்கொரு கிணறு, சேரிக்கொரு கிணறு என்ற பழைய கணக்கு அது. விண்வெளி நிதிக்குள்ளேயே பங்கு ஒதுக்கட்டும். இதுவரை யாருக்கு எவ்வளவு போனது என்பதைச் சாதிவாரியாக வெளியிடட்டும்.