படியளப்பா, பறிப்பா?

"உன் கூலியைக் குறைக்கிறேன்" என்று எந்த முதலாளியாவது தொழிலாளியிடம் நேரில் வந்து சொன்னதுண்டா? சொல்லமாட்டார். "உனக்கு வரியை மிச்சப்படுத்தித் தருகிறேன்" என்பார். தோளில் கைபோட்டுச் சொல்வார். அமெரிக்க லாரி டிரைவர்களிடம் அப்படித்தான் சொல்கிறார்கள்.

அங்கே நெடுந்தூர லாரி ஓட்டும் தோழனுக்குப் பெரும்பாலும் மைல் கணக்கில்தான் கூலி. 1938-ஆம் ஆண்டுக் கூலிச் சட்டம் பல தொழிலாளருக்கு ஓவர்டைம் தந்தது. மாநிலம் விட்டு மாநிலம் சரக்கு கொண்டு செல்லும் டிரைவரை வாசலுக்கு வெளியே நிறுத்தியது. அந்த மைல் கூலியிலும் ஒரு பகுதியை வெட்டியெடுத்து, அதற்கு 'நாள் படி' என்று பெயர் சூட்டுகின்றன பல கம்பெனிகள். நம் ஊர் மொழியில் சொன்னால் பேட்டா. வீட்டை விட்டு வெளியே இரவு தங்கும் நாட்களின் சாப்பாட்டுச் செலவுக்கானது. 2024 அக்டோபர் முதல் நாளொன்றுக்கு 80 டாலர் வரை வரி இலாகா இதை ஒப்புக்கொள்கிறது. இந்தத் தொகைக்கு வருமான வரி இல்லை. சமூகப் பாதுகாப்பு வரியும் இல்லை.

"நல்லதுதானே?" என்று கேட்கத் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம், தோழர்களே!

ஆண்டுக்கு 80,000 டாலர் சம்பாதிக்கும் குடும்பஸ்தர் ஒருவர். 250 இரவுகள் ரோட்டில். படி 20,000 டாலர். சம்பளம் என்று ஏட்டில் ஏறுவது 60,000 மட்டும். வருமான வரியில் 12 சதவீதம், 2,400 டாலர் மிச்சம். சமூகப் பாதுகாப்புக்கும் முதியோர் மருத்துவத்துக்கும் பிடிக்கும் 7.65 சதவீதம், 1,530 டாலர் மிச்சம். ஆக 3,930 டாலர். கைக்கு வருவது உண்மை, மறுக்கவில்லை.

ஆனால் அதே 7.65 சதவீதத்தை முதலாளியும் கட்டவேண்டுமே! அந்த 1,530 டாலர் அவருக்கும் மிச்சம். படியில் 80 சதவீதத்தைத்தான் கம்பெனி தன் வரிக் கணக்கில் செலவாகக் கழிக்க முடியும் என்பதைக் காட்டி, படி வாங்கும் டிரைவருக்கு மைலுக்கு ஓரிரு சென்ட் குறைத்துக் கொடுக்கும் கம்பெனிகளும் உண்டு. லட்சம் மைல் ஓடினால் இரண்டு சென்ட் என்ன ஆகும்? 2,000 டாலர்! மிச்சத்தில் பாதி வந்த வழியே போயிற்று.

மீதிப் பாதியாவது நிற்குமா? முதுமையைப் பாருங்கள். ஒருவன் அதிகம் சம்பாதித்த 35 ஆண்டுகளின் சம்பளத்தை வைத்துத்தான் அங்கே ஓய்வூதியம் கணக்கிடுகிறார்கள். படி அந்தக் கணக்கில் ஏறாது. ஏறத்தாழ இதே வருமானத்தில் உழைத்துவந்த ஒருவர் பத்து ஆண்டுகள் இப்படிப் படி வாங்கினால், முதுமையில் மாதம் சுமார் 150 டாலர் குறையும். பத்து ஆண்டில் ஓய்வூதிய வரியாக அவர் மிச்சம்பிடித்தது 12,400 டாலர். ஓய்வு பெற்ற ஏழே ஆண்டில் அதைவிட அதிகமாக இழந்துவிடுவார். அதற்குப் பிறகு ஆயுள் முழுதும் நஷ்டம். முதுகெலும்பு தேய்ந்து ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியாமல் போனால் கிடைக்கும் உதவித்தொகையும் அந்தக் குறைந்த சம்பளத்தை வைத்துத்தான். வேலை போனால் கிடைக்கும் உதவிக்கும் அதே ஏடுதான் சாட்சி.

"அப்படியானால் படி வேண்டாம் என்று சொல்லிவிடட்டுமே!" என்பார்கள். அங்கேதான் சட்டத்தின் சூழ்ச்சி இருக்கிறது. முன்பெல்லாம் சாப்பாட்டுச் செலவைத் தொழிலாளியே தன் வரிக் கணக்கில் காட்டிக் கழிக்க வழியிருந்தது. 2017-இல் வந்த வரிச் சட்டம் 2018 முதல் அந்தக் கதவை அடைத்தது. 2025 வரைதான் என்றார்கள். 2025-இல் புதிய சட்டம் கொண்டுவந்து நிரந்தரமாகவே பூட்டிவிட்டார்கள். ஆனால் சொந்த லாரி வைத்து ஓட்டுபவர், நாளைக்கு 80 டாலரில் 80 சதவீதத்தை, அதாவது 64 டாலரை, இன்றும் கழித்துக்கொள்ளலாம். ஒரே ரோடு, ஒரே ஓட்டல், ஒரே ரொட்டி! சொந்த லாரிக்காரர் சாப்பிட்டால் செலவு. கூலிக்காரன் சாப்பிட்டால் செலவில்லையா?

இன்னொரு கொடுமையும் கேளுங்கள். வாடகை கட்ட முடியாமல் வீட்டை விட்டுவிட்டு, லாரிக்குள்ளேயே குடியிருக்கும் டிரைவருக்கு இந்தச் சலுகை கிடையாது. வீடு இருந்தால்தானே வீட்டை விட்டு வெளியே இருப்பதாகக் கணக்கு என்கிறது சட்டம்!

படியே கூடாது என்பதல்ல நம் வாதம். ரோட்டில் உண்பவனுக்குச் சாப்பாட்டுச் செலவு தரத்தான் வேண்டும். கூலிக்கு மேலே தரவேண்டும். கூலியை அறுத்துத் தரக்கூடாது! முதலாளிக்குக் கிடைக்கும் மிச்சம் தொழிலாளியின் ஓய்வூதிய நிதிக்குச் சேரவேண்டும். பூட்டிய கதவைச் சட்டம் திறக்கவேண்டும்.

இதைத் தனி டிரைவர் கேட்டால் சாவியை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். 1964-இல் அந்நாட்டு டீம்ஸ்டர்ஸ் சங்கம் நாடு முழுமைக்கும் ஒரே லாரித் தொழில் ஒப்பந்தம் கண்டது. 1980-இல் போட்டி என்ற பெயரால் கட்டுப்பாடுகளைத் தளர்த்திய சட்டம் வந்தது. சங்கத்தின் பிடியும் தளர்ந்தது. சங்கம் தளர்ந்த இடத்தில்தான் இத்தகைய கணக்குகள் தழைக்கின்றன.

நம் லாரித் தோழர்களுக்கும் இதில் பாடம் உண்டு. பேட்டா இன்றைய பசிக்கு, பி.எப். நாளைய பசிக்கு. சம்பளம் சிறுத்துப் பேட்டா பெருத்தால், யாருடைய நாளை சிறுக்கிறது? அடுத்த முறை சம்பளச் சீட்டு கைக்கு வரும்போது கடைசி வரியை மட்டும் பார்க்காதீர்கள். ஒவ்வொரு வரியையும் படியுங்கள். படித்ததைச் சங்கத்தில் பேசுங்கள்!