மே 17-ஐ யாரும் தானமாகத் தரவில்லை

நார்வேயின் தேசிய நாள் மே 17. அந்நாடு விடுதலை பெற்ற நாள் அதுவல்ல. சுவீடனோடு இருந்த ஒன்றியத்தை நார்வே முறித்துக்கொண்டது 1905 ஜூன் 7-இல். அந்த நாளில் அங்கே கொடி ஏற்றுவார்கள், விடுமுறைகூடக் கிடையாது. மே 17-இன் கதை 1814-இல் தொடங்குகிறது. நெப்போலியன் போரில் தோற்ற பக்கம் நின்ற டென்மார்க், அந்த ஆண்டு ஜனவரியில் கீல் உடன்படிக்கைப்படி நார்வேயைச் சுவீடன் அரசருக்கு விட்டுக்கொடுத்தது. தங்களைக் கேளாமல் கைமாற்றியதை ஏற்க மறுத்த 112 பிரதிநிதிகள் எய்ட்ஸ்வோலில் கூடி, சில வாரங்களில் ஓர் அரசியல் சாசனத்தை எழுதினார்கள். மே 17 அன்று தங்களுக்கென ஓர் அரசரையும் தேர்ந்தெடுத்தார்கள். கோடையில் சிறு போர் மூண்டது, புதிய அரசர் முடி துறந்தார், நவம்பரில் நார்வே சுவீடனோடு இணைக்கப்பட்டது. சில திருத்தங்களோடு சாசனம் மட்டும் தப்பியது. தோல்வியில் முடிந்த ஓர் ஆண்டின் நாளை ஒரு நாடு இத்தனை தலைமுறையாக ஏன் கொண்டாட வேண்டும்? அந்த நாளை எந்த அரசும் மக்களுக்குத் தரவில்லை, மக்களே எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அதனால்தான் பின்னால் வந்தவர்களாலும் அதில் உரிமையோடு இடம் கேட்க முடிந்தது.

1828-இல் மன்னர் கார்ல் யோஹான் இந்தக் கொண்டாட்டத்துக்குத் தடை விதித்தார். தன் ஒன்றியத்துக்கு எதிரான கிளர்ச்சியாகவே அவர் அதைப் பார்த்தார். அடுத்த ஆண்டு மே 17 அன்று, அரசியல் சாசனம் என்றே பெயர் சூட்டிய நீராவிக் கப்பலை வரவேற்கத் தலைநகர் கிறிஸ்டியானியாவில், அதாவது இன்றைய ஓஸ்லோவில், மக்கள் திரண்டார்கள். சந்தைச் சதுக்கத்தில் நின்ற கூட்டத்தைக் குதிரைப்படை விரட்டியது. அங்கே அடிபட்டவர்களில் ஒருவர் ஹென்ரிக் வெர்கலாண்ட் என்ற இளங்கவிஞர். அதற்குப் பிறகு தடையை நிலைநாட்ட மன்னரால் முடியவில்லை. 1870-இல், நாட்டுப்பண்ணை எழுதிய பியோர்ன்சனின் முன்முயற்சியில் பள்ளிச் சிறுவர்கள் கொடி பிடித்து ஊர்வலம் போனார்கள். சிறுமிகள் 1889-இல் சேர்ந்தார்கள். இன்றும் ஓஸ்லோவில் அந்த நாளின் நடுநாயகம் பிள்ளைகளின் ஊர்வலம்தான். காவற்படையின் வாத்தியக் குழு உடன் வருமே தவிர டாங்கிகளும் ஏவுகணைகளும் வருவதில்லை. அரச குடும்பம் மாடத்தில் நின்று பிள்ளைகளுக்குக் கையசைக்கிறது. மற்ற நாடுகளில் ஆட்சியாளர் பார்வையிடப் படை அணிவகுக்கும் இடத்தில் பள்ளிப் பிள்ளைகளை நிறுத்தியது எவ்வளவு பெரிய முடிவு என்பதை நாம் போதுமான அளவு மதிப்பதில்லை.

எண்ணெய் வளமும் அமைதியும் உள்ள சிறு நாட்டுக்கு இது எளிது என்பார்கள். 1870-இல் நார்வேயில் எண்ணெய் இல்லை. பிழைப்புத் தேடி மக்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள், அயலுறவோ சுவீடன் கையில் இருந்தது. 1905-இல் சுவீடனோடு போர் வாசல்வரை வந்தது. 1940 முதல் 1945 வரை ஜெர்மனியின் ஆக்கிரமிப்பில் மே 17 கொண்டாட்டம் மறுபடி தடைசெய்யப்பட்டது. 1949 முதல் அந்நாடு நேட்டோ உறுப்பினர், கட்டாயப் படைச்சேவையும் உண்டு. ஆகவே படை இல்லாததால் அவர்கள் படையைக் காட்டாமல் இருக்கவில்லை. அச்சம் சூழ்ந்த காலத்திலும் பிள்ளைகளை முன்னே விட்ட ஒரு வழக்கத்தை வசதியின் விளைவு என்று தள்ளிவிட எனக்கு மனம் ஒப்பவில்லை.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. அந்தச் சாசனத்தின் இரண்டாம் பிரிவே யூதர்கள் நாட்டுக்குள் நுழையக் கூடாது என்றது. அப்படிப்பட்ட ஏட்டின் பிறந்தநாளைக் கொண்டாடலாமா? கேள்வி நியாயமானது. அதற்கு முதலில் பதில் தேடியவர், சதுக்கத்தில் அடிபட்ட அதே வெர்கலாண்ட். அந்த வாசகத்தை நீக்கப் போராடி, 1845-இல் வெற்றியைக் காணாமலே இறந்தார். 1851-இல் அது நீங்கியது. 1942-இல் நாஜிகளின் கைப்பாவை குவிஸ்லிங் அதைத் திரும்பக் கொண்டுவந்தார் என்பதையும் மறக்கக் கூடாது. பெண்கள் அனைவருக்கும் வாக்குரிமை கிடைக்க 1913 ஆயிற்று. 1999-இல் பாகிஸ்தானில் பிறந்த ரூபினா ராணா ஓஸ்லோவின் மே 17 குழுவுக்குத் தலைமையேற்றபோது கொலை மிரட்டல்கள் வந்தன. அவர் ஊர்வலத்தின் முன்னால் நடந்தார். யாழ்ப்பாணத்தில் பிறந்த கம்சாஜினி குணரட்ணம் 2015-இல் அதே நகரின் துணை மேயரானார். கதவு தானாகத் திறந்ததில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் தட்டியவர்களால், இந்த நாள் எங்களுடையதும்தான் என்று சொல்ல முடிந்தது.

சாமி பழங்குடியினரின் குறையை மட்டும் இந்த வாதத்தால் கடந்துவிட முடியாது. அவர்கள் மொழியைப் பள்ளிகளில் நசுக்கிய கொள்கை, பிள்ளைகள் ஏந்திய அதே கொடியின்கீழ்தான் பல பத்தாண்டுகள் நடந்தது. அவர்கள் 1917-இல் டிரான்ட்ஹெய்மில் கூடிய முதல் மாநாட்டின் நினைவாகப் பிப்ரவரி 6-ஐத் தங்கள் நாளாகக் கொள்கிறார்கள். இதைப் பிரிவினை என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்தக் கொள்கைக்காக 1997-இல் மன்னர் ஹரால்ட் மன்னிப்புக் கேட்டார். உண்மை, நல்லிணக்க ஆணையத்தின் அறிக்கை 2023-இல் வந்தது, நாடாளுமன்றத்தின் மன்னிப்பு 2024 நவம்பரில். மரபுடை அணிந்த சாமிப் பிள்ளைகள் வடக்கே காரஷோக் போன்ற ஊர்களில் மே 17 அன்றும் ஊர்வலம் போகிறார்கள். அவர்களின் மொழிக்கு வகுப்பறையில் ஆசிரியரும் பாடநூலும் உறுதியாகும்வரை, மன்னிப்புத் தீர்மானத்தோடு அரசின் கடமை முடிந்துவிடவில்லை.