பவர் டில்லர் எஞ்சினை வீட்டில் பிரிக்கலாமா?

கோமுகி அணையில் தண்ணீர் திறந்து சேற்றுழவு தொடங்கும் சமயத்தில்தான் கச்சிராயபாளையம், கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் பவர் டில்லர்கள் மக்கர் செய்கின்றன. வருடம் முழுவதும் கவனியாமல் விட்ட கோளாறு, சுமை ஏறும்போது வெளிப்படுகிறது. "ரிங் போய்விட்டது" என்று முதலில் பார்ப்பவர் சொல்லி விடுவார். கூலியை மிச்சம் பிடிக்க எண்ணி விவசாயி தாமே ஸ்பானரை எடுக்கிறார். அது தவறல்ல. ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சின் மாயப் பொருளும் அல்ல. ஆனால் எதுவரை கழற்றுவது என்பதை முதல் நட்டைத் தளர்த்தும் முன்பே முடிவு செய்ய வேண்டும்.

கரும்புகை வந்தால் காற்று வடிகட்டி அடைப்பு, நாசில் கோளாறு, அல்லது அதிகச் சுமை. நீலப்புகை என்றால் எண்ணெய் எரிகிறது. எஞ்சின் ஸ்டார்ட் ஆக மறுத்தால் டீசலை நிறுத்திவிட்டுக் கையால் சுற்றிப் பார்க்கலாம். அழுத்தம் இல்லையெனில், காற்று செல்லும் வழியாக ஒரே ஒரு தேக்கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டு மீண்டும் சுற்ற வேண்டும். அழுத்தம் கூடினால் ரிங், லைனர் தேய்மானம். கூடாவிட்டால் வால்வையோ ஹெட் கேஸ்கட்டையோ சந்தேகிக்கலாம். இதைச் செய்யாமலே போரிங்குக்குப் பணம் கட்டியவர்கள் பலர்.

வடிகட்டி, டீசல் குழாயில் காற்று நீக்குதல், வால்வு இடைவெளி, கேஸ்கட் ஆகியவை விவசாயி செய்யக் கூடியவையே. ஹெட் நட்டுகளைக் குறுக்கு மறுக்காக, சிறிது சிறிதாக, கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்க வேண்டும். கை அளவை நம்பினால் கேஸ்கட் மறுபடியும் போகும். நாசில் பீய்ச்சும் டீசலுக்கு நேரே விரலை நீட்டவே கூடாது. அது தோலைத் துளைத்து உள்ளே இறங்கும். ஊசி குத்தியதுபோல்தான் தெரியும். உடனே மருத்துவமனைக்குப் போகாவிட்டால் விரலே போய்விடும்.

கிராங்க் ஷாஃப்ட், பேரிங், லைனர், டீசல் பம்பு ஆகியவை பட்டறை வேலை. மைக்ரோமீட்டரும் லேத்தும் இல்லாமல் அங்கே கை வைப்பது வீண். அதைவிட மோசம், எல்லாவற்றையும் கழற்றிவிட்டுச் சாக்கில் கட்டிப் பட்டறைக்குக் கொண்டுபோவது. எந்தத் தகடு எங்கே இருந்தது, தேய்மானம் எந்தப் பக்கம் என்று மெக்கானிக்குக்கே தெரியாது. கூலி குறைவதற்குப் பதில் கூடும்.

கல்வராயன் மலைக்காரர்கள் நிலை வேறு. வெள்ளிமலையிலிருந்து வண்டியைக் கள்ளக்குறிச்சிக்கு இறக்கும் வாடகையே பெரிது. அவர்கள் கூடுதலாகக் கற்றுக்கொள்வது நியாயம். நாலைந்து பேர் சேர்ந்து ஒரு டார்க் ரெஞ்சும் ஃபீலர் கேஜும் வாங்கி வைக்கலாம்.

பெரிய வேலையைக் கோடையில் வைத்துக்கொள்வது நல்லது. உழவு நேரத்தில் பழுதானால் வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை இயந்திரத்தை எடுத்து உழவை முடித்துவிட்டு, பிறகு பழுது பார்க்கலாம். புது ரிங் போட்டபின் காற்று வடிகட்டிக் குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த வெடிப்பு வழியே புழுதி போனால் புது ரிங்கும் சீக்கிரமே தேய்ந்துவிடும்.