செயலி வரட்டும், கூடவே ஓர் ஆளும் வரட்டும்

மாண்புமிகு மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சருக்கும், மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறை அமைச்சருக்கும், திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்ட ஆட்சியர்களுக்கும்,

ஜவ்வாது மலையில் குடிக்கத் தொடங்கியிருக்கும் இருபது, இருபத்திரண்டு வயதுப் பையன்களுக்காக இதை எழுதுகிறேன். இவர்களில் பெரும்பாலோர் இன்னும் குடிநோயாளிகள் ஆகிவிடவில்லை. திருப்பூரிலோ பெங்களூரிலோ வேலை பார்த்துவிட்டுக் கையில் கூலியோடு ஊர் திரும்பும் வாரத்தில் குடிக்கிறார்கள். தை மாதம் எருது விடும் அன்று குடிக்கிறார்கள். குடித்த கையோடு மூன்று பேராக ஒரே பைக்கில் ஏறிக் கொண்டையூசி வளைவுகளில் இறங்குகிறார்கள். இந்த வயதில், இந்தக் கட்டத்தில் பேசினால் திருப்பிவிடலாம். பேசுவதற்கென்று ஓர் ஆளை நான் மலையில் பார்த்ததில்லை.

ஆனால் கையில் செல்போன் இருக்கிறது. அதனால் குடியைக் குறைக்க ஒரு செயலி என்ற யோசனையை மனதார வரவேற்கிறேன். சுவிட்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழக மருத்துவமனை மாணவர்களுக்காக அப்படியொரு செயலியைச் செய்து, 1,770 பேரிடம் ஓராண்டு சோதித்து, 2023இல் முடிவை வெளியிட்டது. செயலி கிடைத்தவர்கள் மற்றவர்களைவிடச் சுமார் பத்து சதவீதம் குறைவாகக் குடித்தார்கள். சிறிய குறைவுதான். ஆனால் ஒரு மலைப்பாதை விபத்தைத் தவிர்க்க அதுவே போதுமானதாக இருக்கலாம்.

ஸ்வீடனில் நடந்ததையும் நீங்கள் அறிய வேண்டும். அங்கே மது விற்பது சிஸ்டெம்போலாகெட் என்ற அரசு நிறுவனம், நம் டாஸ்மாக் போல. அது வெளியிட்ட செயலி, உடம்பில் ஏறியிருக்கும் போதையின் அளவைக் கணக்கிட்டுச் சொல்லும். பல்கலைக்கழக மாணவர்களிடம் அதைச் சோதித்த ஆய்வு 2014இல் வெளிவந்தது. செயலியைப் பயன்படுத்திய ஆண்கள் குடித்த நாட்கள் கூடியிருந்தன. ஆகவே என் முதல் வேண்டுகோள், மது விற்கும் துறை இந்தச் செயலியைச் செய்யக் கூடாது. 2023-24இல் டாஸ்மாக் வழியாக அரசுக்கு வந்தது 45,855 கோடி ரூபாய். அந்த வருவாயைக் கணக்குப் பார்க்கும் கையே, குடியைக் குறைக்கும் கணக்கையும் பார்க்க வேண்டாம். சுகாதாரத் துறை செய்யட்டும், வெளியிடும் முன் சோதித்துப் பார்க்கட்டும்.

அந்தக் கணக்கும் நம் ஊர் அளவில் இருக்க வேண்டும். வெளிநாட்டுச் செயலி “எத்தனை கிளாஸ்” என்று கேட்கும். நம் பையன் “ஒரு குவார்ட்டர்தான்” என்பான். 180 மில்லி, 42.8 சதவீத ஆல்கஹால். அதில் சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது, மருத்துவர்கள் ஓர் அளவு என்று எண்ணுவது பத்து கிராம், ஆக இது ஆறு அளவு. அதில் பாதியான ஒரு கட்டிங் என்றால் மூன்று. இதை யாரும் அவனுக்குச் சொன்னதே இல்லை. படத்தோடும் குரலோடும் செயலி சொல்லட்டும். நெட்வொர்க் இல்லாமலும் அது ஓட வேண்டும். மலையில் பல குக்கிராமங்களில் ஏதாவதொரு மேட்டிலோ பாறையிலோ ஏறினால்தான் டவர் கிடைக்கிறது.

சாராயத்துக்கு எந்தச் செயலியும் அளவு சொல்லாது. அணைக்கட்டு பக்கம் அல்லேரி மலையில் ஊறல் அழிப்பு அடிக்கடி வரும் செய்தி. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. டாஸ்மாக்கை மட்டும் மனதில் வைத்துச் செய்யப்படும் செயலி மலைக்குப் பாதிதான் உதவும். கண் மங்கினால் ஒரு நிமிடமும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பது அதன் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். தினமும் குடித்துக் கை நடுங்குகிறவனிடம் “இன்றே நிறுத்து” என்றும் அது சொல்லிவிடக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். அவனை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

இப்போது ஆள் விஷயத்துக்கு வருகிறேன். 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், ரத்தக்கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோகிறது. மாத்திரை கொண்டுவரும் அதே தன்னார்வலர் குடியைப் பற்றியும் கேட்கட்டும் என்று தோன்றும். ஆனால் முப்பது வீடு உள்ள ஊரில் வருகிறவர் நம் பையனுக்கு அத்தையாகவோ சித்தியாகவோ இருப்பார். அவரிடம் அவன் உண்மை சொல்ல மாட்டான். செல்போனிடம் சொல்வான். மலையில் செயலிக்கு உண்மையான மதிப்பு இங்கேதான் இருக்கிறது. குடியின் அளவை அறிய உலக சுகாதார நிறுவனம் வகுத்த பத்துக் கேள்விகளை அவன் தனியே கேட்டுப் பதில் சொல்லட்டும். அதற்குப் பிறகு பேசுகிறவர் வேறு ஊர்க்காரராக இருக்கட்டும். அவர் மருத்துவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த 377 ஆண்களை வைத்து நடந்த சோதனையில், அவர்களில் பாதிப் பேரிடம் பயிற்சி பெற்ற சாதாரண மனிதர்கள் நாலு அமர்வுக்குள் பேசியே பலரைக் குடியிலிருந்து மீட்டார்கள். 2017இல் லான்செட் இதழ் அந்த முடிவை வெளியிட்டது. ஜமுனாமரத்தூரிலும் புதூர்நாட்டிலும் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு வேலை தேடும் மலையாளிப் பழங்குடி இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பயிற்சியும் மாதச் சம்பளமும் கொடுங்கள்.

இன்னொன்று. இருபத்தொரு வயதுக்குக் கீழே உள்ளவனுக்கு மது விற்பதே விதிமீறல். பதினெட்டு வயதுப் பையன் செயலியில் உண்மையைப் பதிந்தால், நாளை காவல் நிலையத்திலிருந்து யாராவது வருவார்களோ என்று பயப்படுவான். செம்மரம் வெட்டப் போனதாகப் பேர் கெட்ட மலை இது. 2015 ஏப்ரல் 7இல் சேஷாசலம் காட்டில் காவல்துறையால் சுட்டுக் கொல்லப்பட்ட இருபது பேரில் இந்த மலைக்காரர்களும் உண்டு. அந்தப் பயம் இன்னும் போகவில்லை. பெயர், ஆதார், ஊர் எதையும் செயலி கேட்கக் கூடாது. பதிவுகள் காவல்துறைக்குப் போகாது என்று அரசாணையிலேயே எழுதுங்கள். அந்த ஆணையை ஒவ்வொரு ஊர்க்கவுண்டரின் கையிலும் கொடுத்து, ஊர்க்கூட்டத்தில் படிக்கச் சொல்லுங்கள்.

வரும் தைக்குள் ஜவ்வாதுமலை ஒன்றியத்தில் மட்டுமாவது தொடங்குங்கள். எருது விடும் விழாவுக்கு முந்தின வாரமே பயிற்சி பெற்ற அந்த இளைஞர்கள் ஊர்களில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
மலையடிவாரத்திலிருந்து ஓர் எழுத்தாளர்